புண்மேற் போர்த்த தோலும் புலான்மறுத்த சைவரும்

சென்ற திங்களிதழில் அன்பரொருவர், விலங்குகளின் தோல், குடர், பித்தப்பை முதலியவற்றினின்று இயற்றப்படும் மெல்லிய ஏடுகளை ஆறாப்புண்ணின்மேல் இட்டு ஆற்றும் இக்கால மருத்துவமுறையைக் கடிந்து நெடியதொரு கட்டுரை வரைந்திருந்தனர். அவ்வேடு மெய்யிற் பட்ட சைவர் சைவரல்லராயினர் என்பது ஒன்று. தீக்கை பெற்றார் அதனை ஏற்பின் சிவபூசைக்கு உரிமையிழப்பர் என்பது மற்றொன்று. அதனை ஏற்று வாழ்தலினும் ஏலாது மாய்தலே சிறப்புடைத்து என்பது பிறிதொன்று. இம்மூன்றுமே அவர் நாட்டிய முடிபுகள். அன்பரது கொல்லாமைப் பற்றினை யாமும் போற்றுகின்றேம். ஆயினும், அப்பற்றினின்று அவர் எடுத்துக்கொண்ட முடிபுகள் சைவ நூற்கருத்தொடு முரணுதலின், வாளா இருத்தல் எமக்கு ஒல்லாதாயிற்று.

எழுதுதற்கு உடனடிக் காரணமும் ஒன்றுண்டு. எம்மோடு ஒரே திருமடத்துப் பாடசாலையிற் பயின்ற நண்பர் ஒருவர், எழுபதை அணுகியவர், நாடோறும் ஆன்மார்த்த பூசை தவறாதவர், நீரிழிவு நோயினராய் உள்ளங்காலிற் புண்ணுற்று ஐந்து திங்களாக அல்லற்படுகின்றார். மருத்துவர் புண்ணைத் துப்புரவு செய்தும், குருதியோட்டம் நோக்கியும், சர்க்கரையை அடக்கியும், காலுக்குப் பாரமின்றி வைத்தும் பார்த்தனர். புண் வாய்மூடிற்றில்லை. இனி ஓர் ஏடு போர்த்துப் பார்த்தல் நலம் என்றும், காலந்தாழ்ப்பிற் புண் எலும்பைத் தொட்டு அடியையே களையவேண்டி நேரினும் நேரும் என்றும் கூறினர். ‘அவ்வேடு எதனால் ஆயது?’ என்று நண்பர் வினவ, ‘பன்றியினின்று எடுத்தது’ என்றார் மருத்துவர். நண்பர் எழுந்து வீட்டிற்கு வந்துவிட்டனர். யாம் காணச்சென்றபோது அவர் அருகில் நம் இதழ் கிடந்தது. ‘ஐயா, இதனை ஏற்றால் நான் இனிப் பெருமானைத் தொடலாமோ, ஆகாதோ? தாங்களே சொல்லுங்கள்’ என்றார். ஒரு முதியவர் அடியை இழக்கவும் துணிதற்கு நம் இதழின் எழுத்தொன்று காரணமாகுமாயின், அவ்வெழுத்தின் மெய்ம்மையை ஆராய்வது நம்மனோர்க்கு விளையாட்டன்று.

முதற்கண் அப்பொருள் யாதென அறிதல் வேண்டும். அறியாது கடிதல் ஆராய்ச்சியாகாது. நம் தோலின் கீழடுக்கு கொலாஜன் என்னும் நார்ப்பொருளாற் பின்னியதொரு வலை போன்றது. அவ்வலையின்கண் உயிரணுக்கள் குடியிருந்து தோலை வளர்க்கின்றன. ஆழ்ந்த தீப்புண்ணிலும் நாட்பட்ட நீரிழிவுப் புண்ணிலும் அவ்வலை சிதைதலின், புதிய அணுக்கள் பற்றிப் படர்தற்கு இடமின்றிப் புண் வெறிதே நிற்கும். ஆகவே மருத்துவர் விலங்கின் உறுப்பொன்றை எடுத்து, அதன்கண் உள்ள உயிரணுக்களையும் கொழுப்பையும் கழுவிப் போக்கி, வலையை மட்டும் எஞ்சவிட்டு, நுண்கிருமி அறத் தூய்மைசெய்து ஏடாக்குவர். வேற்றுயிரின் அணுக்களே நம் உடம்பின் பகைமையை மிக எழுப்புவன ஆதலின், அவற்றைக் களைதல் இன்றியமையாதது. கொத்தர் சுவரெழுப்புங்கால் மூங்கிலாற் சாரங் கட்டுவர். சுவர் நின்றபின் அதனை அவிழ்ப்பர். இவ்வேடும் அத்தகையதொரு சாரமே. நோயாளியின் சொந்த அணுக்கள் அதன்மேல் ஏறிப் புதுத்தோலை நெய்ய நெய்ய, சாரம் சிறுகச் சிறுகக் கரையும். முடிவில் நிற்பது பெரும்பாலும் அவர்தம் தோலேயன்றி விலங்கின் தோலன்று.

இம்முறை நேற்று முளைத்ததுமன்று. பாஸ்டன் நகரில் ஜான் பர்க் என்னும் அறுவை மருத்துவரும், ஐயோனிஸ் யானஸ் என்னும் பொறியியற் பேராசிரியரும் மாட்டின் தசைநாண் கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பினின்று எடுத்த பொருளையும் கூட்டிச் செய்த செயற்கைத்தோலைக் கொடிய தீப்புண்ணுற்றார்க்கு இட்டுக் கண்ட பயனை 1981-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1996-ல் அமெரிக்க அரசு அதற்கு இசைவளித்தது. ஸ்டீபன் பேடிலாக் என்பார் அந்நாட்டுப் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1980களில் பன்றியின் சிறுகுடற் சவ்வை ஆராய்ந்து அவ்வழியைத் திறந்தனர். ஐஸ்லாந்து நாட்டார் காட் மீனின் தோலையும், பிரேசில் நாட்டுப் போர்த்தலேசா நகரத்தார் திலேப்பியா மீனின் தோலையும் புண்ணுக்குப் போர்வையாக்கினர். நம் நாட்டில், 1948-ல் சென்னை அடையாற்றில் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார், தோல் பதனிடும் கலையோடு கொலாஜனாற் புண்மூடும் பொருள்களையும் ஆராய்ந்தனர். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தார் பன்றியின் பித்தப்பையினின்று இயற்றிய கோலிடெர்ம் என்னும் ஏட்டிற்கு 2023-ல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர் இசைவு தந்தனர். ஆகவே இஃது அயல்நாட்டுச் செய்தியன்று. நம் வாயிலுக்கு வந்துவிட்ட செய்தி.

இனி, அன்பர் கூறிய முதற் குற்றத்தை நோக்குவாம். விலங்கின் உறுப்பு மெய்யிற் பட்டமாத்திரையானே சைவம் அழியும் என்றனர். அற்றேல், அழியாத சைவர் யாவர்? திருக்கோயிலில் முழங்கும் முழவும் மத்தளமும் எதனாற் போர்க்கப்பட்டன? பெருமான் திருமேனிக்குச் சாத்தும் புனுகு எவ்விலங்கினது? கத்தூரி எதனின்று வந்தது? பட்டுப் பரிவட்டம் எத்தனை புழுக்களின் கூடு? நம் தாய்மார் குழவிக்கு உரைத்தூட்டும் கோரோசனை ஆவின் பித்தப்பையில் விளைந்த கல்லன்றோ? பித்தப்பையிற் பிறந்த கல் நாவிற் படலாம். பித்தப்பையாற் செய்த ஏடு காலிற் படலாகாது என்பது எந்நூலின் விதி? ஆ வேறு, பன்றி வேறு என்பாராயின், கொலைக்கு அஞ்சியன்றிப் பன்றி என்னும் பெயர்க்கு அருவருத்தே அன்பர் எழுதினர் என்பது பெறப்படும். அருவருப்பு வேறு, அறம் வேறு.

இவ்விடத்துத் திருநாளைப்போவார் வரலாற்றை அன்பர்க்கு நினைவூட்டுதல் தகும். ஆதனூரிற் பிறந்த அப்பெருந்தகையார் தம் குலத்தொழிலின் வழியே திருக்கோயில்கட்குச் செய்த திருப்பணி யாது? பேரிகை முதலிய கருவிகட்குப் போர்க்கும் தோலும், அவற்றை இறுக்கும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்தலே அன்றோ? பெரியபுராணம் இதனை மறையாது கூறுகின்றது. தோலும் நரம்பும் பித்தவிளைவும் என இவற்றை வரிசைப்படுத்தி நோக்குமின். இக்கால மருத்துவர் எடுத்துக்கொள்ளும் தோலும் குடரும் பித்தப்பையும் அவற்றிற்கு எத்துணை அணியன! அப்பொருள்களைக் கோயிற் பணிக்கு ஏற்ற பெருமான், அவற்றைத் தந்த அடியாரையும் தில்லையில் தன் திருவடிக்கீழ் ஏற்றனன். பொருளின் பிறப்பை நோக்கி அடியாரைத் தள்ளினார் ஊரவரே, இறைவன் அல்லன். இறைவன் தள்ளாததனை நாம் தள்ளுவோமாயின், நம் ஆசாரம் அவனது அருளினும் பெரிதென்று கொண்டவராவோம்.

கண்ணப்பர் வரலாறு இதனினும் தெளிவுடைத்து. காளத்தியப்பர் முன்னிலையிற் பன்றியூன் கிடந்தமை கண்டு சிவகோசரியார் உள்ளம் பதைத்தார், இடத்தைத் தூய்மைசெய்தார், முறையிட்டார். அவரது பதைப்பு பொய்யன்று. ஆகம விதியின் மேல் நின்றதே. ஆயினும் பெருமான் கனவில் தோன்றி, அவ்வேடரின் அன்பு தனக்கு எத்துணை இனிது என்பதையே உணர்த்தினன். சிவகோசரியார் ஒளிந்து நின்று கண்டு தெளிந்தார். நம் அன்பர் சிவகோசரியாரின் முதல்நாள் நிலையிலேயே நின்றுவிட்டனர். கனவு வரையேனும் அவர் வருதல் வேண்டும் என்பதே எம் விழைவு.

இரண்டாவது, பூசைக்கு உரிமையிழப்பர் என்றது. தீக்கையாற் பெற்ற தகுதி எதன்கண் உளது? தோலின்கண் உளதோ, உயிரின்கண் உளதோ? பதி, பசு, பாசம் என மூன்று பொருள் நாட்டும் நம் சித்தாந்தத்தில், ஆசிரியன் அருளாற் பக்குவம் பெறுவது உயிர். உடம்பு மாயையின் காரியம்; உயிர்க்குத் துணைக்கருவி. அதன் தோல் நாடோறும் உதிர்கின்றது, நாடோறும் முளைக்கின்றது. உதிர்ந்த தோலோடு தீக்கையும் உதிருமாயின், ஆண்டுதோறும் நாம் ஆசிரியரை நாடல் வேண்டும். நோயுற்றான் மருந்தாற் புறத்தே யாதானும் பூசிக்கொள்வது நீராடித் திருநீறணியும் தூய்மையை ஒருநாள் இருநாள் தடுக்குமேனும், ஆறியபின் அவன் பூசைக்கு எழுந்து நிற்றலை எது தடுக்கும்? உள்ளத்தில் தீராத ஐயமுடையார் தம் ஆசிரியர்பாற் சென்று கழுவாய் வேண்டிக்கொள்க. கழுவாயை வழங்குவதே நம் சமயத்தின் வழக்கு, புறந்தள்ளுவதன்று.

மூன்றாவது, மாய்தலே சிறப்பென்றது. இதனை எழுதுங்கால் அன்பரின் எழுதுகோல் நடுங்காமை எமக்கு வியப்பே. மானிடப் பிறவி கிடைத்தற்கரியது என்றும், வழிபாட்டிற்கு வாய்த்த கருவி இவ்வுடம்பு என்றும் நம் ஆசிரியர் ஓயாது கூறினர். உடம்பை இழிவென்று முன்னர்க் கருதித் தாம் பின்னர் அதனகத்தே உறுபொருளைக் கண்டு ஓம்பத் தொடங்கியதைத் திருமூலர் தாமே கூறுகின்றார். பிறர் உயிரைக் காத்தற்குத் தன்னுயிர் கொடுப்பது வேறு. பிறர் வரைந்த கட்டுரைக்கு அஞ்சித் தன் காலையும் உயிரையும் கொடுப்பது வேறு. முன்னையது தியாகம், பின்னையது மடமை. அம்மடமைக்கு வித்திட்டார்க்கும் அதிற் பங்குண்டு.

இதுகாறும் கூறியது கொண்டு, ‘ஆயின் இதன்கண் குற்றமே இல்லை’ எனத் துள்ளுவார் சிலர் உளர். அவரையும் விடுதற்கில்லை. ‘இறைச்சிக்கெனக் கொன்ற விலங்கின் எஞ்சிய பித்தப்பையும் குடரும் குப்பைக்குப் போவன, அவற்றை மருந்தாக்கின் யார்க்கு என்ன பாவம்?’ என்பது அவர் வாதம். புலான் மறுத்தல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவனார் இவ்வாதத்தின் வேரையே அறுத்தனர்: கொள்வாரின்மையே விற்பாரின்மைக்குக் காரணம் என்பது அவர் துணிவு. குப்பைக்குப் போவதென்று இன்று கூறப்படும் பொருளுக்கு நாளை விலையேறும். விலையேறின் அதுவும் கொலைத்தொழிலின் ஊதியத்திற் சேரும். கொலை செய்தான், செய்வித்தான், உடன்பட்டான் என மூவரையும் அறநூல் ஒருவாறு சேர்த்தே எண்ணுகின்றது. உடன்பாட்டின் நிழல் நம்மேற் சிறிதும் படவில்லை என்று கூறுவது நேர்மையன்று. அன்பர் அஞ்சிய அச்சத்தின்கண் உண்மை இருப்பது இவ்விடத்தே. தீட்டென்னும் பொய்யை விடுத்து, கொலையென்னும் மெய்யைப் பற்றியிருப்பாராயின் யாமும் அவரோடு நின்றிருப்பேம்.

மீனின் தோலாயின் குற்றமில்லை என்பாரும் அங்ஙனமே. மீனும் உயிரே, அதன்கண்ணும் மலம் பற்றிய ஆன்மா உண்டு. ‘புண்ணுக்கு ஆகுமாயின் வயிற்றுக்கும் ஆகும்’ என்று நகையாடும் புலாலுண்பார்க்கும் ஒன்று கூறுவேம். வயிற்றுக்கு நெல்லும் பயறும் கீரையும் கனியும் நிலமெங்கும் விளைகின்றன. அவற்றை விடுத்து ஊனை நாடுதல் நாவின் பொருட்டு. நள்ளிரவில் உடலிற் பாதி வெந்து கிடக்கும் குழந்தைக்கு மாற்றுப்பொருள் கையில் இல்லாதபோது ஏடொன்று போர்த்தல் உயிரின் பொருட்டு. இரண்டனையும் ஒரு தராசில் இடுவார், தராசு பிடிக்கத் தகுதியுடையரல்லர்.

அற்றேல் யாம் கூறும் நெறி யாது? ஏற்பவனைப் பழியற்க, ஆயின் மாற்றை நாடாது அமைதியுறற்க என்பதே. மாற்று நாடின் கிடைக்கும் என்பதற்கு இன்சுலினே சான்று. 1922-ல் டொராண்டோ நகரில் நீரிழிவுற்ற சிறுவனுக்கு முதன்முதல் ஏற்றப்பட்டபோது அது மாட்டின் கணையத்தினின்று வடித்தது. அறுபது ஆண்டு மாடும் பன்றியுமே உலகத்து நீரிழிவினர்க்கு அதனை அளித்துவந்தன. அக்காலத்து அதனை ஏற்றுக்கொண்ட சைவர் எத்துணையர்! அவர் எல்லாரும் சைவத்தை இழந்தனரோ? பின்னர் நுண்ணுயிர்களைக் கொண்டு மனித இன்சுலினை ஆக்கும் வழி கண்டு, 1982-ல் அமெரிக்காவில் அதற்கு இசைவு கிடைத்தது. இன்று பெரும்பாலார் கொள்வது விலங்கின் கணையம் வேண்டாத மருந்தே. அன்றிருந்தோர் மருந்தை மறுத்து மாய்ந்திருப்பின் அறம் வென்றிருக்குமோ? அறிஞர் மாற்றைத் தேடினமையாலன்றோ வென்றது!

மருத்துவ உலகத்தாரோடும் எமக்கு வழக்கொன்று உண்டு. சில ஆண்டுகட்கு முன் விளக்கேற்றுங்கால் எம் முன்கையிற் கொதியெண்ணெய் கவிழ்ந்தது. மருத்துவமனையொன்றில் ஏடொன்றைப் போர்த்தனர். புண்ணும் நன்கு ஆறிற்று. வீடு திரும்பியபின், கணக்குத்தாளோடு வந்த உறையின் எழுத்தைப் படித்த எம் பேரன் கூறியே அது மாட்டின் கொலாஜன் என அறிந்தேம். ஆறியதற்கு நன்றியுடையேம், கூறாமைக்கு வருந்தினேம். வினவியிருந்தால் யாம் ஏற்றிருப்பேமோ மறுத்திருப்பேமோ என்பது வேறு வினா. எம் மெய்யில் இடுவதை எம்மிடம் கூறுதல் அவர் கடன். சைவர்க்கு விலங்கு, வைணவர்க்கும் சமணர்க்கும் அஃதே, இசுலாமியர்க்குப் பன்றி, இந்துக்கள் பலர்க்கு ஆ என ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு நெஞ்சுறுத்தல் உண்டு. ‘அறிவித்தால் மறுத்துவிடுவர்’ என்று மறைப்பது நோயாளியைக் குழந்தையாகக் கருதுவதாம். எதனால் ஆயது, அதற்கு மாற்று உண்டோ, மாற்றின் குறை யாது என்னும் மூன்றினையும் தாய்மொழியிற் கூறிப் பின்னரே ஒப்பம் பெறுதல் வேண்டும். நோயாளியும் வாய்திறந்து வினவுதல் வேண்டும். எம் நண்பர் வினவினார். மருத்துவரும் மறையாது விடைதந்தார். அம்மருத்துவர் போற்றத்தக்கார்.

மாற்று யாதெனின், முதன்மையானது நோயாளியின் சொந்தத் தோலே. சுசுருதர் கன்னத்தின் தோலைத் திருப்பி மூக்கமைக்கும் முறையைத் தம் நூலிற் கூறினர். புனேயின் அருகில் கவாஸ்ஜி என்னும் வண்டியோட்டிக்கு நெற்றித்தோலால் மூக்கமைத்ததை 1794-ல் இலண்டன் இதழ் வெளியிட, ஐரோப்பிய அறுவை மருத்துவர் வியந்து கற்றனர். இன்றும் சிறுபுண்ணாயின் தொடைத்தோலை மெல்லிதாய்ச் சீவி இடுவர். மகப்பேற்றிற்குப்பின் கழிக்கப்படும் பனிக்குடச் சவ்வும் நல்ல போர்வையே. அதன்பொருட்டு எவ்வுயிரும் மாய்ந்ததில்லை. ஆயின் உடலிற் பெரும்பகுதி வெந்தார்க்குச் சீவுதற்குத் தம் தோல் ஏது? அவர்க்கு வேண்டுவது இறந்தார் ஈந்த மனிதத்தோல். அது நிலையாக ஒட்டாதாயினும், சில வாரம் புண்ணைக் காத்து, நீரும் குருதிச்சத்தும் வடியாமல் தடுத்து, கிருமியை விலக்கி, உயிரை நிறுத்தும். மும்பை ஸயான் மருத்துவமனையில் 2000-ஆம் ஆண்டில் இதற்கெனத் தோல் வங்கி அமைந்தது; பின்னர்ப் பிற நகரங்களிலும் அமைந்தன. ஆயினும் வேண்டுவார் பலர், ஈவார் சிலர்.

ஈகைக்கு வேண்டுவது யாது? உயிர் பிரிந்த ஆறு மணிநேரத்துள் வங்கிக்கு அறிவித்தல் வேண்டும். அவர் வந்து தொடை, கால், முதுகு ஆகிய இடங்களினின்று தோலின் மேலடுக்கைத் தாளினும் சற்றே தடித்த அளவிற் சீவியெடுப்பர். முகம் தீண்டப்படாது, உடலின் உருவம் கெடாது. குருதிவகை ஒத்தல் வேண்டுமென்பதில்லை. எடுத்த தோலைக் கிளிசரினில் இட்டுக் குளிரிற் காப்பின் ஐந்தாண்டு வரை பயன்படும். இத்துணை எளிய ஈகைக்கு நம்மவருள் எத்துணையர் முன்வந்தனர்? ஈமத்தீ ஒரு நாழிகையில் உண்டுவிடும் தோலை நெருப்பிற்குக் கொடுக்க ஒருப்படுவோம். வெந்து துடிக்கும் மனிதனுக்குக் கொடுக்க ஒருப்படோம். நாம் கொடாமையால் மருத்துவர் பன்றியிடம் செல்கின்றனர். சென்றவரை நாம் பழிக்கின்றோம். இது நீதியோ?

மீண்டும் காளத்திக்குச் செல்வாம். பெருமான் திருக்கண்ணிற் குருதி வடிதல் கண்ட திண்ணனார் முதலிற் பச்சிலை தேடிப் பிழிந்தார், பயனில்லை. தசையின் குறையைத் தசையே நிரப்பும் என்னும் பழையதொரு சொல் அவர் நினைவில் எழுந்தது. அவர் வேடர், கையில் வில்லுண்டு, காடெங்கும் மானும் பன்றியும் உண்டு. நாடோறும் அவற்றைக் கொன்று பழகிய கை அது. ஆயினும் அந்நொடியில் விலங்கின் கண்ணை அவர் எண்ணினாரில்லை. தம் கண்ணையே அம்பால் அகழ்ந்து அப்பினார். புறாவின் எடைக்கு ஊன் வேண்டியபோது சிபி மன்னன் ஆட்டூனைத் தட்டில் இட்டானில்லை. தன் தொடையையே அரிந்திட்டான். ஊன்மருந்து வேண்டுமிடத்துச் சைவன் செய்யத்தக்கது யாதென்பதற்கு இவ்விரு வரலாறுகளினும் மேம்பட்ட விடை எங்குண்டு? அவர்கள் உயிரோடிருந்து நோவப் பொறுத்து ஈந்தனர். நம்மை வேண்டுவதோ இறந்தபின், நோவறியாத காலத்து, மெல்லிய தோல் மட்டுமே.

‘தீக்கை பெற்றார் உடம்பிற்கு அந்தியேட்டி முறைப்படி நிகழ்தல் வேண்டுமே, தோல் சீவிய உடம்பு அதற்கு ஆகுமோ?’ எனச் சிலர் ஐயுறுவர். உடம்பு முழுதாய் வீட்டிற்கே திரும்புகின்றது. நீராட்டவும், நீறணிவிக்கவும், செய்வன செய்யவும் யாதொரு தடையும் இல்லை. கண்ணைப் பெயர்த்த கண்ணப்பரை ஊனமுற்ற உடம்பினர் என்று இறைவன் விலக்கினானில்லை. தன் வலப்பக்கத்தே நிற்கச் செய்தான். இவ்வையத்தை நீக்கும் தெளிமொழியொன்றைத் திருமடங்களின் தலைவர்கள் தம் அடியார்க்கு அருளுவாராயின், ஆயிரம் கட்டுரைகள் செய்யாததை அது செய்யும்.

ஆகவே அன்பர்க்கு எம் விடை இது. விலங்கின் ஏட்டை ஏற்ற நோயாளி சைவத்தினின்று வழுவினாரல்லர். அதனை நாம் பயனின்றிக் கடிந்து, மாற்றாகத் தரவேண்டுவதைத் தாராது இருத்தலே வழுவாம். கொல்லாமையைக் கூறும் வாய், கொடையைக் கூறாதாயின் அக்கூற்று நிரம்பாது. அன்பர் தம் அடுத்த கட்டுரையை வரையுமுன், தோல் வங்கியொன்றின் தாளில் தம் பெயரை எழுதி, மனைவி மக்கட்கும் அதனை அறிவித்து வைப்பாராக. யாம் எழுதிவிட்டேம், எம் பேரனுக்கும் அறிவித்துவிட்டேம். அவர் எழுதியபின் ‘விலங்கின் தோல் வேண்டா, என் தோல் உண்டு’ என்று முழங்குவாராயின், அம்முழக்கத்திற்கு யாமும் தலைவணங்குவேம்.

இதனை அச்சிற்கு விடுக்குமுன் எம் நண்பர்க்குப் படித்துக் காட்டினேம். திருநாளைப்போவார் கூறியவிடத்து அவர் கண்கலங்கினார். முடிந்தபின் நெடுநேரம் பேசிற்றிலர். பின்னர், ‘நாளை மறுநாள் மருத்துவரிடம் போக வண்டி சொல்லுங்கள், போகுமுன் பூசையை முடித்துவிடுகின்றேன்’ என்றார். பெருமான் அவர் அடியைக் காப்பானாக.

திருச்சிற்றம்பலம்.